720 சட்டைகள், இரண்டு வினாடி: ஆர்எஃப்ஐடி டேகுகள் மோதும்போது நடப்பது என்ன?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை ஒட்டிய துணிக்கிடங்கு ஒன்றின் வாசலை எடுத்துக்கொள்வோம். ஃபோர்க்லிஃப்ட் ஒரு பாலெட்டை, அதாவது சரக்கு அடுக்கிய தட்டை, தூக்கிக்கொண்டு நுழைகிறது. அதில் 24 அட்டைப்பெட்டிகள், பெட்டிக்கு 30 சட்டைகள். ரேடியோ அலையால் தன் எண்ணைச் சொல்லும் ஆர்எஃப்ஐடி டேக் சட்டைக்கு ஒன்று, ஆக 720 டேகுகள். வண்டி வினாடிக்கு ஒன்றரை மீட்டர் போகிறது; வாசலில் உள்ள ஆன்டெனாக்களின் வீச்சு மூன்று மீட்டர். எல்லா டேகும் தத்தம் எண்ணைச் சொல்லி முடிக்க இருப்பது இரண்டே வினாடி. திரையில் 691 என்று வருகிறது. மீதி 29 எங்கே?

இதற்குக் கிடங்கில் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் 'டேகுகள் மோதிக்கொண்டன' என்பது. இரண்டாவது பதில் 'பவரைக் கூட்டு'. முதல் பதில் பல சமயம் தவறு. அது சரியாக இருக்கும் சமயத்திலோ, இரண்டாவது பதில் நிலைமையை இன்னும் கெடுக்கும். மோதல் தின்பது நேரத்தை, டேகை அல்ல. நேரம் போதவில்லையா, டேகுக்கு மின்சக்தி போதவில்லையா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கு உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேட்டரி இல்லாத யு.எச்.எஃப். (மீயுயர் அதிர்வெண்) டேகுக்குச் சொந்தக் குரல் கிடையாது. டேகுகளைப் படிக்கும் கருவியான ரீடர் அனுப்பும் அலையில் கொஞ்சத்தை உறிஞ்சித் தன் சில்லுக்கு உயிரூட்டிக்கொள்கிறது. பதில் சொல்லும்போது அதே அலையை எதிரொலிக்கும் அளவைக் கூட்டிக் குறைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். பக்கத்து டேக் பேசுகிறதா என்று கேட்கும் காது அதற்கு இல்லை. வைஃபை கருவிகள் அலைவரிசை காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசும். டேகால் அது முடியாது. ஆகவே ஒழுங்கு முழுவதும் ரீடர் வழியாகத்தான் வர வேண்டும். இரண்டு டேகுகள் ஒரே கணத்தில் பதில் சொன்னால் ரீடருக்கு இரண்டும் கலந்த இரைச்சல்தான் கிடைக்கும்.

பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் கேட்க முடியாத நிலையில் என்ன செய்வது என்ற கேள்வி ஆர்எஃப்ஐடியைவிடப் பழையது. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் தீவுகளுக்கிடையே ரேடியோ வழியாகக் கணினிகளை இணைத்த அலோஹா வலையில், தோன்றியபோது பேசு, மோதினால் கொஞ்சம் பொறுத்து மறுபடி பேசு என்பதே விதி. அப்படிப் பேசினால் அலைவரிசையின் நேரத்தில் அதிகபட்சம் 18.4 விழுக்காடுதான் உருப்படியாகப் பயன்படும். நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1972-இல் சொன்ன திருத்தம் அதை இரட்டிப்பாக்கி 36.8 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. இன்று துணிக்கடை முதல் மருத்துவமனைச் சலவைக்கூடம் வரை ஓடும் ஜென் 2 என்ற ஆர்எஃப்ஐடி தரமும் இந்தத் துண்டு முறையின் வாரிசுதான். 2004 டிசம்பரில் ஏற்கப்பட்ட அத்தரம் இப்போது ஐஎஸ்ஓ 18000-63 என்ற பெயரில் இருக்கிறது.

பந்தியும் இலையும்

கோயில் அன்னதானப் பந்தியை நினைத்துக்கொண்டால் ஜென் 2 எளிதில் பிடிபடும். 16 இலை போட்டிருக்கிறது. ஆனால் ஒரு விசித்திரமான விதி: வருகிற ஒவ்வொருவரும் கண்ணை மூடிச் சீட்டு எடுக்க வேண்டும், சீட்டில் உள்ள எண்ணின் இலையில்தான் உட்கார வேண்டும். ஒரே இலைக்கு இருவர் வந்துவிட்டால் இருவருக்கும் சாப்பாடு இல்லை, அடுத்த பந்திக்குக் காத்திருக்க வேண்டும். யாரும் வராத இலை வீண். தனியாக வந்தவர் மட்டும் சாப்பிட்டு எழுந்து போகிறார். இலைதான் ஸ்லாட், பந்திதான் சுற்று.

ரீடர் 'குவெரி' என்ற கட்டளையில் கியூ என்ற எண்ணை அனுப்புகிறது. அது 0 முதல் 15 வரை இருக்கலாம். பந்தியின் அளவு 2-இன் கியூ அடுக்கு: கியூ 4 என்றால் 16 ஸ்லாட், 8 என்றால் 256. ஒவ்வொரு டேகும் அந்த வரம்புக்குள் ஓர் எண்ணைத் தற்போக்காக எடுத்துத் தன் கணக்கியில் வைத்துக்கொள்ளும். பிறகு ரீடர் 'குவெரிரெப்' என்ற நான்கே பிட் கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் டேக் தன் எண்ணில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யத்தைத் தொட்ட டேக் பதில் சொல்லும்.

இங்கே ஒரு நேர்த்தியான முன்யோசனை உண்டு. டேக் எடுத்த எடுப்பில் தன் முழு எண்ணைக் கொட்டிவிடுவதில்லை. 16 பிட் தற்போக்கு எண் ஒன்றை மட்டும் சொல்கிறது. ஆர்என்16 என்று பெயர். ரீடர் அதைத் தெளிவாகக் கேட்டால் அதையே திருப்பிச் சொல்லி ஒப்புதல் தரும். அதற்குப் பிறகுதான் டேக் 16 பிட் கட்டுப்பாட்டுச் சொல், 96 பிட் பொருள் எண், 16 பிட் சரிபார்ப்பு என 128 பிட்டை அனுப்பும். மோதல் நடந்தால் வீணாவது அந்தச் சின்ன 16 பிட் மட்டுமே. விருந்துக்கு முன் இலையில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது மாதிரி.

மோதிய டேகுகளுக்கு என்ன ஆகிறது என்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அவை அடுத்த ஸ்லாட்டிலேயே மறுபடி முயலும் என்று நினைப்பார்கள். உண்மையில் ஒப்புதல் வராத டேகின் கணக்கி அடுத்த குவெரிரெப்பில் பூஜ்யத்திலிருந்து கீழே போய், 32,767 என்ற உச்ச எண்ணுக்குத் தாவிவிடும். அந்தச் சுற்றில் அதன் கதை முடிந்தது. புது குவெரியோ, சீட்டை மறுபடி எடுக்கச் சொல்லும் 'குவெரிஅட்ஜஸ்ட்' கட்டளையோ வரும்வரை வாயே திறக்காது.

சுற்றின் அளவும் டேகுகளின் எண்ணிக்கையும் நெருங்கி இருந்தால்தான் 36.8 விழுக்காடு கைகூடும். 200 டேகுகள், கியூ 8 என்று வைத்துக் கணக்குப் போட்டால், முதல் சுற்றின் 256 ஸ்லாட்டில் சராசரியாக 117 காலி, 92 தனி, 47 மோதல். 92 டேகுகள் எழுந்து போயின, மிச்சம் 108. அடுத்து 128 ஸ்லாட் சுற்றில் 47 போகும், அதற்கடுத்து 64 ஸ்லாட்டில் 24. இப்படிக் குறைத்துக்கொண்டே வந்தால் ஏறத்தாழ 545 ஸ்லாட்டில் 200-உம் முடியும்.

மிச்சம் 108 என்பது நமக்குத் தெரியும், ரீடருக்குத் தெரியாது. அது பார்ப்பது 47 மோதல்களை மட்டுமே. ஒவ்வொரு மோதலிலும் இரண்டு டேகு இருந்ததா, நான்கு இருந்ததா என்று சொல்ல வழியில்லை. சுற்றின் அளவு சரியாக இருந்தால் ஒரு மோதல் ஸ்லாட்டில் சராசரியாக 2.39 டேகுகள் இருக்கும் என்று ஆய்வாளர் ஷூட் 1983-இல் கணித்துக் காட்டினார். 47-ஐ 2.39-ஆல் பெருக்கினால் 112. உண்மை 108. அடுத்த சுற்றின் அளவைத் தேர்ந்தெடுக்க இந்தத் துல்லியம் தாராளம், ஏனென்றால் அளவு எப்படியும் 64, 128, 256 என்று இரட்டிப்பாகத்தான் போகும்.

கியூவைத் தவறாக நிலைநிறுத்தினால் என்ன ஆகும்? 100 டேகுகளை வைத்துக்கொண்டு கியூவை 4-இல் பூட்டினால், 16 ஸ்லாட் சுற்று ஒன்றுக்குச் சராசரியாக 0.17 டேக்தான் தேறும். ஆறு சுற்றுக்கு ஒரு டேக்! மாறாக ஐந்தே டேகுகள் இருக்கும் இடத்தில் கியூவை 10-இல் வைத்தால் 1,024 ஸ்லாட், அவற்றில் ஆயிரத்துக்கு மேல் காலி; ஐந்து டேகைப் படிக்க ஏறத்தாழ 0.2 வினாடி. நின்ற இடத்தில் இருக்கும் அலமாரிக்கு இது பரவாயில்லை, ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவரின் நெஞ்சு எண்ணில் ஒட்டியிருக்கும் டேகுக்குப் பெரும் இழப்பு.

அதனால்தான் நல்ல ரீடர்கள் கியூவைத் தாமே ஏற்றி இறக்குகின்றன. தரத்தின் பின்னிணைப்பில் சொல்லியிருக்கும் வழி மிக எளிது: கியூவைப் பின்னத்தோடு கூடிய எண்ணாக, 4.0-இல் தொடங்கு. காலி ஸ்லாட் வந்தால் 0.1-க்கும் 0.5-க்கும் இடைப்பட்ட ஒரு சிறு அளவைக் கழி, மோதல் வந்தால் அதே அளவைக் கூட்டு, தனி டேக் வந்தால் தொடாதே. முழு எண்ணாகத் திருத்தியதும் மதிப்பு மாறினால் குவெரிஅட்ஜஸ்ட் அனுப்பு. நம் 720 சட்டைகளின் முன்னால் 4-இல் தொடங்கி, படி 0.3 என்று வைத்தால், 18 அல்லது 19 மோதல்களில் 9.5-ஐ எட்டிவிடும். ஒரு மோதலுக்கு 0.4 மில்லி வினாடி என்றால் மொத்த இழப்பு 8 மில்லி வினாடிகூட இல்லை. தொடக்கக் கியூவை எவ்வளவு வைப்பது என்று அரை மணி நேரம் வாதிடுவது வீண் வேலை. அதை ஏறி இறங்க விட்டிருக்கிறோமா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

இந்த வழிக்கும் ஒரு நோய் உண்டு. சுற்றிலும் ரேடியோ இரைச்சல் இருந்தால், காலி ஸ்லாட்டில் வரும் இரைச்சலை ரீடர் மோதல் என்று எண்ணிக் கியூவை ஏற்றிக்கொண்டே போகும். ஆறு டேக் உள்ள மேஜையில் ஸ்லாட்டுகள் ஆயிரக்கணக்கில் ஓடும். இதன் தம்பி இன்னொன்று: இரைச்சலையே ஆர்என்16 என்று படித்துவிட்டு இல்லாத டேகுக்கு ஒப்புதல் அனுப்பிக் காத்திருப்பது. ரீடரின் பதிவேட்டில் ஒப்புதல் எண்ணிக்கை படித்த எண்ணிக்கையைவிட எக்கச்சக்கமாக இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மோதலை முழுக்க ஒழித்தாலும் எவ்வளவு மிச்சம்?

ஆய்வுக் கட்டுரைகளில் ஸ்லாட்டுகளின் பயன்பாட்டை 36.8-லிருந்து 40 விழுக்காட்டுக்கு ஏற்றப் பெரும் போராட்டம் நடக்கும். ஆனால் எல்லா ஸ்லாட்டும் ஒரே நீளம் அல்ல. நடுத்தர அமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ரீடரின் அடிப்படை பிட் நீளமான டாரி 12.5 மைக்ரோ வினாடி, டேக் திருப்பியனுப்பும் அதிர்வெண் 320 கிலோஹெர்ட்ஸ், டேக் தன் பிட்டுகளை அலையில் ஏற்றும் குறிமுறை மில்லர்-2. இதில் காலி ஸ்லாட் சுமார் 200 மைக்ரோ வினாடி. பதில் வரவில்லை என்று தெரிந்ததும் ரீடர் அடுத்ததற்குப் போய்விடும். மோதல் ஸ்லாட் சுமார் 395. ஒரு டேகை முழுதாகப் படிக்கும் ஸ்லாட் 1,750.

சுற்றின் அளவு பொருந்தியிருந்தால் ஒரு டேகுக்கு, காலியும் மோதலும் சேர்த்து, ஏறத்தாழ 2,230 மைக்ரோ வினாடி செலவாகும். வினாடிக்கு 450 டேக். அந்த 2,230-இல் 1,750 உண்மையான படிப்பு. காலி, மோதல் இரண்டுக்கும் சேர்த்துப் போவது 480, அதாவது 22 விழுக்காடு. மோதலே இல்லாத ஓர் அதிசய வழிமுறையைக் கண்டுபிடித்தாலும் மிச்சமாவது அவ்வளவுதான். காலி ஸ்லாட் மோதலைவிட மலிவு என்பதால் சுற்றைக் கொஞ்சம் பெரிதாக, டேக் எண்ணிக்கையைப் போல் 1.3 மடங்கு வைப்பதே உத்தமம் என்று கணக்கு சொல்லும். அதனால் கிடைக்கும் ஆதாயம் ஒரு விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும்.

குறிமுறையை மாற்றினாலோ ஆதாயம் மடங்குக் கணக்கில் வரும். டாரி 25, 250 கிலோஹெர்ட்ஸ், மில்லர்-4 என்ற நிதான அமைப்பில் தாளில் வினாடிக்கு 200 டேக்தான் வரும். டாரி 6.25, 640 கிலோஹெர்ட்ஸ், எஃப்எம்0 குறிமுறை என்ற வேக அமைப்பில் 1,200 வரை வரும். நம் வாசலில் இரண்டு வினாடிக்கு முதலாவது 400 டேக், நடுத்தரம் 900, வேகம் 2,400. அப்படியானால் வேகத்தையே எப்போதும் வைத்துவிடலாமே? எஃப்எம்0 பதில் ரீடரின் சொந்த அலைக்கு மிக அருகில் விழுகிறது. பக்கத்து வாசலில் இன்னொரு ரீடர் ஓடினால் அதன் இரைச்சலில் பலவீனமான டேகுகளின் குரல் மூழ்கிவிடும். மில்லர் குறிமுறை பதிலைத் தள்ளி ஒரு துணை அலையில் ஏற்றுவதால் நெரிசலில் தாக்குப்பிடிக்கும். ஒற்றை வாசல், சுற்றிலும் அமைதி என்றால் வேகம். எட்டு வாசல் வரிசையாக இருந்தால் மில்லர்-4 அல்லது நடுத்தரம்.

சாப்பிட்டவர் மறுபடி பந்தியில் உட்காராமல் இருக்க

எண்ணி முடித்த டேக் அடுத்த சுற்றிலும் சீட்டு எடுத்தால் கூட்டம் குறையவே குறையாது. இதற்காக ஒவ்வொரு டேகிலும் ஏ, பி என்ற இரு நிலைக் கொடி இருக்கிறது. ரீடர் 'ஏ நிலையில் இருப்பவர்கள் மட்டும்' என்று கேட்கும். படிக்கப்பட்ட டேக் பி-க்கு மாறி ஒதுங்கிக்கொள்ளும். ஒப்புதல் பெற்ற உடனே அது மாறுவதில்லை. அதற்கடுத்த கட்டளை காதில் விழுந்த பிறகே மாறும். அந்த இடைவெளியில் ரீடர் அலைவரிசை தாவினாலோ ஆன்டெனாவை மாற்றினாலோ டேக் ஏ-யிலேயே நின்று மறுபடி எண்ணப்படும்.

கொடி எத்தனை நேரம் நினைவில் நிற்கும் என்பதை செஷன் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது; எஸ்0 முதல் எஸ்3 வரை நான்கு உண்டு. எஸ்0-இல் டேகுக்கு மின்சக்தி போனால் நினைவும் போகும். எஸ்1-இல் சக்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 500 மில்லி வினாடிக்கும் 5 வினாடிக்கும் இடையில் ஏ-க்குத் திரும்பிவிடும். எஸ்2, எஸ்3 இரண்டிலும் சக்தி இருக்கும்வரை நிற்கும். சக்தி போன பிறகும் குறைந்தது 2 வினாடி நிற்க வேண்டும் என்பது தரம். நடைமுறையில் பல சில்லுகள் இதைவிட வெகு நேரம் பிடித்து வைத்திருக்கும்.

நான்கு ஆன்டெனா வாசலில் எஸ்0 வைத்தால், ரீடர் ஓர் ஆன்டெனாவிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு முறையும் டேகுகள் மறந்துபோகும். ரீடருக்கு அருகில் உள்ள பலமான 200 டேகுகளையே நான்கு முறை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பாலெட்டின் நடுப்பெட்டியில் மூச்சுவிடும் பலவீனமான டேகுகளுக்கு முறையே வராது. எஸ்2-இல் பலமானவை முதல் அரை வினாடியில் ஒதுங்கிவிடும், பிறகு மெல்லிய குரல்கள் கேட்கத் தொடங்கும். இரண்டு டேகுகள் மோதும்போது ஒன்றின் குரல் மிக ஓங்கியிருந்தால் ரீடர் அதை மட்டும் சரியாகப் படித்துவிடுவதும் உண்டு. ஸ்லாட் கணக்குக்கு இது லாபம், மெல்லிய டேகுக்கு நஷ்டம். எஸ்2 அந்த நஷ்டத்தையும் ஈடுகட்டும்.

எஸ்2-க்கு மாறியவர்கள் அடுத்து வைக்கும் புகார் அநேகமாக இதுவாக இருக்கும்: முதல் முறை கைரீடரை நீட்டினால் 180 வருகிறது, உடனே மறுபடி நீட்டினால் 12. எதுவும் கெடவில்லை. 168 டேகுகள் பி-யில் இருக்கின்றன, நீங்கள் ஏ-யைக் கேட்கிறீர்கள். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் முன்னால் எஸ்2 கொடியை ஏ-க்குத் திருப்பும்படி ஒரு 'செலக்ட்' கட்டளை அனுப்பினால் சரியாகிவிடும். ஏ-யிலிருந்து பி, பி-யிலிருந்து ஏ என மாறி மாறிக் கேட்கும் முறையும் இருக்கிறது. ஆனால் அதில் யாரும் ஒதுங்கி இருப்பதில்லை, நெரிசல் திரும்ப வந்துவிடும்.

செலக்ட்டுக்கு இன்னொரு பெரிய வேலை உண்டு: வேண்டாதவர்களைப் பந்திக்கே கூப்பிடாமல் இருப்பது. கிடங்கில் அலமாரிக்கு டேக், ஃபோர்க்லிஃப்டுக்கு டேக், பக்கத்துப் பாலெட்டில் மொரீஷியஸிலிருந்து வந்த டி-ஷர்ட்டுகளுக்கும் டேக். பொருள் எண் இருக்கும் நினைவகப் பகுதியில் முதல் 32 பிட்டுகள் சரிபார்ப்பும் கட்டுப்பாடும். எண் 32-ஆவது பிட்டில் தொடங்கும். அங்கிருந்து முதல் 8 பிட் 00110000 என்றால் அது கடைப்பொருளுக்கான 96 பிட் எண். அதற்குப் பின்னால் வரும் நிறுவன எண்ணையும் சேர்த்து வடிகட்டினால் அந்நியர்களில் பெரும்பாலோர் போய்விடுவார்கள். கவனிக்க வேண்டியது: செலக்ட் அனுப்பினால் மட்டும் யாரும் வாயை மூட மாட்டார்கள். பின்னால் வரும் குவெரியும் 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டும்' என்று கேட்க வேண்டும். இதை மறந்துவிட்டு வடிகட்டி வேலை செய்யவில்லை என்று முறையிடுவோர் ஏராளம்.

மரம் ஏறும் வழி

சீட்டுக் குலுக்காமல், எண்ணைக் கொண்டே பிரிக்கும் வழியும் இருக்கிறது. 'எண் 0-இல் தொடங்குகிறவர்கள் பேசுங்கள்' என்று கேட்டு, மோதினால் 00, 01 என்று கிளை பிரித்துக்கொண்டே போவது. நிச்சயம் எல்லோரையும் பிடித்துவிடும், யாரும் தற்செயலாக விடுபட மாட்டார்கள் என்பது இதன் பெருமை. ஆனால் நம் 720 சட்டைகளும் ஒரே ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 96 பிட் எண்ணில் தலைப்பு 8, வடிகட்டி 3, பிரிவு 3, நிறுவனமும் பொருளும் 44, ஆக 58 பிட்டுகள் எல்லாச் சட்டைக்கும் ஒன்றே. கடைசி 38 பிட் வரிசை எண் மட்டும் வேறு. முதல் பிட்டிலிருந்து மரம் ஏறினால் 58 படிக்கு ஒவ்வொரு படியிலும் 720 டேகும் சேர்ந்து கத்தும். எண்ணுக்குப் பதில் தற்போக்குப் பிட்டுகளால் கிளை பிரித்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஒரு டேகுக்குச் சராசரியாக 2.9 ஸ்லாட் ஆகும், சீட்டு முறையைவிடச் சற்றே கூடுதல்.

எண்ணிக்கை குறைவாகவும் தூரம் சில சென்டிமீட்டராகவும் இருக்கும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டைகளில் மரம் அழகாக வேலை செய்கிறது. ஐஎஸ்ஓ 14443 ஏ வகை அட்டைகள் மான்செஸ்டர் குறிமுறையில், ஒரே கணத்தில் தொடங்கிப் பேசுகின்றன. இரண்டு அட்டைகளின் பிட் வேறுபடும் சரியான இடத்தை ரீடரால் கண்டுபிடிக்க முடியும். அந்த இடம் வரை எண்ணைத் திருப்பிச் சொல்லி, வேறுபட்ட பிட்டை 1 என்று வைத்து மறுபடி கேட்கும். பணப்பையில் மூன்று அட்டை இருந்தாலும் கதவு திறப்பது இப்படித்தான். நூலகப் புத்தகங்களில் ஒட்டும் ஐஎஸ்ஓ 15693 டேகுகள் 16 ஸ்லாட்டையும் எண்ணையும் கலந்து பயன்படுத்துகின்றன.

எந்த வழியும் இல்லாத டேகுகளும் உண்டு. கால்நடைக் காதில் போடும் 134.2 கிலோஹெர்ட்ஸ் ஐஎஸ்ஓ 11785 டேகுகளில் மோதலைச் சமாளிக்க ஏற்பாடே கிடையாது. சக்தி கிடைத்ததும் தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும். தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியில் ஆடுகளை ஒற்றை வரிசைப் பட்டிப் பாதையில் விட்டு எண்ண வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: சிலிக்கான் செய்யாத வேலையை வேலிக்கம்பி செய்கிறது.

தென்னாப்பிரிக்காவுக்கு இந்தக் கதையில் தனி இடமும் உண்டு. 1990-களின் முற்பாதியில் பிரிட்டோரியாவில் உள்ள அறிவியல் தொழிலக ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர்.-இல் உருவான சூப்பர்டேக், டிராலியில் கிடக்கும் பொருள்களை எடுத்து வைக்காமலே மொத்தமாகக் கணக்கெடுப்பதைக் காட்டியது. அங்கே பிறந்த மரபில் ரீடர் ஸ்லாட் பிரித்துக் கூப்பிடுவதில்லை. டேகுகள் தற்போக்கான இடைவெளியில் தாமே பேசும், நடுவில் நீண்ட மௌனம். ஐஎஸ்ஓ 18000-64 தரம் இந்தப் போக்கின் தொடர்ச்சி: டேக் கொஞ்சம் செவிமடுத்துவிட்டுத் தானாகப் பேசும். நெரிசலில் இது 18.4 விழுக்காட்டு உலகத்தின் உறவினன், ஸ்லாட் முறையோடு எண்ணிக்கையில் போட்டியிட முடியாது. ஆனால் கட்டளையைப் புரிந்துகொள்ளும் சுமை டேகுக்குக் குறைவு, ரீடர்கள் ஒன்றின் பேச்சை ஒன்று குழப்புவதும் குறைவு. வேகமாக ஓடும் சில டேகுகளுக்கு அது நல்ல பண்டமாற்று.

ஓட்டப்பந்தயம் வேறு கணக்கு. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஓடும் காம்ரேட்ஸ் போன்ற பெரும் ஓட்டத்தில், தொடக்கக் கோட்டில் எந்த நொடியிலும் ஆன்டெனா வீச்சுக்குள் 60 பேர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். இங்கே டேக் ஒரு முறை பேசி ஒதுங்கினால் போதாது. ஓடுகிறவர் கோட்டுக்கு மிக அருகில் இருந்த கணத்தைக் கண்டுபிடிக்கப் பல படிப்புகள் வேண்டும். சமிக்ஞை உச்சத்தில் இருந்த நேரமே அவருடைய நேரம். ஆகவே எஸ்0, தானாக ஏறி இறங்கும் கியூ, நடுத்தர அமைப்பு. வினாடிக்கு 450 படிப்பு என்றால் ஆளுக்கு ஏழு தடவை. கிடங்குக்காரர் இங்கே வந்து எஸ்2-ஐப் போட்டால் எல்லோருக்கும் கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே நேரம் விழுந்துவிடும்.

ரீடரும் ரீடரும்

டேகுகள் மோதுவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ரீடர்கள் மோதுவதைப் பலர் கண்டுகொள்வதில்லை. டேகுக்கு அலைவரிசையைத் தேர்ந்து கேட்கும் திறன் இல்லை. இரண்டு ரீடர்கள் வேறு வேறு சேனலில் பேசினாலும், இரண்டின் நடுவில் நிற்கும் டேகுக்கு இரண்டும் சேர்ந்த கலவைதான் கேட்கும். கட்டளை புரியாமல் நிற்கும். நான்கு செஷன்கள் இருப்பதற்குக் காரணமே, இரண்டு ரீடர்கள் ஒரே டேகைத் தனித்தனியாக எண்ண முடிய வேண்டும் என்பதுதான். பக்கத்துப் பக்கத்து வாசலுக்கு எஸ்2, எஸ்3 என மாற்றி வையுங்கள். ஆனால் அது கொடிகளைத்தான் பிரிக்கும், ஒரே நேரத்தில் கத்துவதைத் தடுக்காது. வண்டி வந்தால் மட்டும் ரீடரை எழுப்பும் ஒளிக்கதிர் சென்சார் இதற்கு எந்த அமைப்பு மாற்றத்தைவிடவும் மேலான மருந்து.

தென்னாப்பிரிக்காவில் யு.எச்.எஃப். ரீடருக்கு 865.6–867.6 மெகாஹெர்ட்ஸ், 2 வாட் இ.ஆர்.பி. (ஆன்டெனா வெளியிடும் சக்தியின் அளவு) என்ற ஐரோப்பிய பாணி அலைவரிசை இருக்கிறது, 915.4–919-இல் தாவும் முறையும் உண்டு. இணையத்தில் வாங்கிய ரீடரை அமெரிக்க அமைப்பிலேயே ஓட்டினால் அது 902–928 முழுக்கத் தாவும். 915-க்குக் கீழே கைபேசிகள் கோபுரத்தோடு பேசும் பகுதி. சட்டப்படி குற்றம், தொழில்நுட்பப்படி இருவருக்கும் தொல்லை. ரீடரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது நாட்டு அமைப்பைத்தான்.

அந்த 29 சட்டைகள்

இனி வாசலுக்குத் திரும்பலாம். ஃபோர்க்லிஃப்டை வாசலின் நடுவில் நிறுத்தச் சொல்லுங்கள். எஸ்2, ஏ மட்டும், தானியங்கும் கியூ என வைத்து, செலக்ட்டால் கொடிகளை ஏ-க்குத் திருப்பிவிட்டு, பத்து வினாடி தொடர்ந்து படியுங்கள். ஒவ்வொரு கால் வினாடிக்கும் இதுவரை வந்த தனித்த எண்கள் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் மூன்றரை வினாடியில் 720-ஐத் தொட்டால் உங்கள் குறை நேரம். மோதல் பழி ஓரளவு நியாயம். வேகமான குறிமுறை, வேண்டாதவற்றை வடிகட்டல், வண்டியின் வேகத்தை வினாடிக்கு 0.8 மீட்டராகக் குறைத்தல் ஆகியவை மருந்து. இந்த நிலையில் பவரைக் கூட்டினால் வீச்சு நீண்டு, பக்கத்து இரண்டு பாலெட்டுகளின் டேகுகளும் பந்தியில் வந்து உட்காரும். 720 பேருக்குப் போதாத நேரத்தை 2,000 பேர் பங்கிட்டுக்கொள்வார்கள். சில சமயம் பவரைக் குறைத்ததும் எண்ணிக்கை கூடுவதன் மர்மம் இதுதான்.

இரண்டாம் வினாடியிலேயே 691-இல் கோடு படுத்துக்கொண்டு, பத்தாம் வினாடிவரை அசையாமல் கிடந்தால் மோதலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த 29 டேகுகளுக்கு விழித்தெழும் அளவுக்குச் சக்தி போய்ச் சேரவில்லை. இப்போது பெட்டிகளைத் திறந்து பாருங்கள். சட்டைகள் ஒரே மாதிரி மடிக்கப்பட்டு, டேக்மேல் டேக் சென்டிமீட்டர் இடைவெளியில் அடுக்கியிருந்தால் ஒன்றின் ஆன்டெனா இன்னொன்றின் இசைவைக் குலைத்துவிடும். ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பி அடுக்கினாலே பாதி திரும்பி வரும். டேக் ஆன்டெனா வாசலின் ஆன்டெனாவைப் பார்த்து முனையை நீட்டிக்கொண்டிருந்தாலும் கேட்காது. பக்கவாட்டு இரண்டோடு மேலிருந்து ஓர் ஆன்டெனா சேருங்கள். உலோகக் கொக்கி, அலுமினியப் பூச்சுள்ள பை, ஈரமான அட்டை எல்லாம் சந்தேகப் பட்டியலில் சேரும். இங்கே பவரைக் கூட்டுவது பலன் தரலாம், சட்ட வரம்புக்குள்.

கோடு 691-இல் படுக்காமல், வினாடிக்கு ஒன்றிரண்டாக ஊர்ந்து பத்தாவது வினாடியில் 712-க்கு வந்தால், அவை சக்தியின் விளிம்பில் தத்தளிக்கும் டேகுகள். கேட்ட கட்டளையில் பாதி, சொன்ன பதிலில் பாதி என்று ஒவ்வொரு சுற்றிலும் தவறவிடும். மில்லர்-2-லிருந்து மில்லர்-4-க்கு இறங்கி, ஓர் ஆன்டெனாவில் தங்கும் நேரத்தை நீட்டி மறுபடி ஓட்டிப் பாருங்கள். வினாடிக்கு வரும் டேகுகள் குறையும், வந்து சேரும் டேகுகள் கூடும்.